இரட்டைக் கொட்டு

சவ்ரி அன்றைக்கும் ஒரு சட்டி மஞ்சள் கருவை எதிரில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்து தொலைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுக்கு மெருகேற்றுகிற வீட்டில் முட்டையின் வெள்ளைக் கரு துணிக்குப் போய்விடும். மிச்சம் வயிற்றுக்கு. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வெங்காயத்தோடு வதக்கியும், மாவில் பிசைந்து நறுக்கி ஆட்டுக்கறிச் சாற்றில் போட்டும், திராட்சைப் பாகில் கிளறியும் பார்த்துவிட்டாள். எப்படிச் செய்தாலும் கடைசியில் அது மஞ்சள் கருவாகவே இருந்தது. முன்பெல்லாம் ஒரே தாம்பாளத்தில் வைத்தால் தீர்ந்தது. இப்போது அதையும் இரண்டாகப் பங்கிட்டு, முற்றத்தின் இந்தக் கோடிக்கு ஒன்று, அந்தக் கோடிக்கு ஒன்று என்று தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

அண்ணன் இக்ரோம் அவள் புருஷன். தம்பி ஜூரா. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது ஜூராவுக்கு மீசைகூட அரும்பவில்லை; அவள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன். பிறகு அவனுக்கும் கும்ரியைக் கட்டிவைத்து, நான்கு பேரும் ஒரே முற்றம், ஒரே அடுப்பு என்று இருந்தார்கள். புகாராவில் அந்தத் தெருவுக்குள் நுழைகிறவன் வழி கேட்க வேண்டியதில்லை. வெளிமுற்றத்துச் சாய்ப்பிலிருந்து வருகிற இரட்டைக் கொட்டே வழி சொல்லிவிடும்.

தறியிலிருந்து இறங்கின துணி, எத்தனை நன்றாகச் சாயம் ஏறியிருந்தாலும், தூங்கி எழுந்த முகம் மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். வெள்ளைக் கருவைத் தூரிகையால் தடவி, ஈரம் போவதற்குள் மடித்து, வழுவழுப்பான மரக்கட்டை மேல் போட்டு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒருவன் கை இறங்கும்போது மற்றவன் கை ஏறியிருக்க வேண்டும். அப்படி அடித்தால்தான் குளத்து நீர்மேல் வெயில் விழுந்த மாதிரி துணியில் அலை ஓடும். ஒற்றை ஆள் அடித்தால் மினுக்கு வரும், அலை வராது. ஒருபக்கம் பளபளக்கும், ஒருபக்கம் செத்துக்கிடக்கும்.

செர்ரி பழுத்த சமயத்தில் ஒரு நாள், ஒரு வியாபாரி பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, இக்ரோம் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "பிந்துறே" என்றார்.

"நான் பிந்தல. நீங்கதான் முந்துறீங்க" என்றான் ஜூரா.

இக்ரோம் பதில் சொல்லவில்லை. ஜூரா இன்னொரு முறை சொன்னான். அவர் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜூரா எழுந்து போனவன்தான். செர்ரி போய், ஆப்ரிகாட் போய், முலாம்பழம் வந்துவிட்டது. காலையில் அண்ணன், மத்தியானத்துக்குமேல் தம்பி என்று ஆளுக்கு ஒரு பொழுதாக ஒற்றைக் கொட்டு கொட்டினார்கள். வியாபாரிகள் ஒவ்வொருவராக நகரத்தின் அடுத்த கோடிக்குப் போக ஆரம்பித்தார்கள்.

இரண்டு பேருக்கும் நடுவே சவ்ரிதான் தூது.

"ஏய், தூரிகை எங்கேன்னு அவன்கிட்ட கேளு" என்பார் இக்ரோம். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் ஜூரா நிற்பான்.

"ஆணியில தொங்குதுன்னு சொல்லுங்க மதினி" என்பான் அவன்.

"ஆணியில தொங்குதாம்."

"என்னது?"

"ஆணியில! ஆணியில தொங்குதாம்!" என்று அவள் கத்துவாள். "அவன் சொல்லும்போதே காதில விழுந்திருக்கும். ஆனாலும் என் தொண்டை கிழிஞ்சாத்தான் உங்களுக்குத் திருப்தி."

அவர் ஆணியைப் பார்த்துக்கொண்டு போவார்.

வாரத் தொடக்கத்தில் வாசல் கதவு தட்டப்பட்டது. அவுரிச் சாயக்காரர் பின்ஹாஸ். யூதர் தெருவிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். முழங்கைவரை நீலம். தோளில் வெள்ளைத்துணி மூட்டை. சவ்ரி கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றாள். சாய்ப்பில் இக்ரோம் எழுந்து அவரை உட்காரவைத்தார்.

பின்ஹாஸ் மூட்டையை அவிழ்த்தார். கதவிடுக்கு வழியாகப் பார்த்த சவ்ரிக்கே மூச்சு நின்று வந்தது. சிவப்பு மாதுளைகள், நீல இலைகள், நடுநடுவே மஞ்சள். எல்லாமே ஓரம் கலங்கி, தண்ணீருக்கடியில் கிடப்பவை போல. பட்டுப் பாவு, பருத்தி ஊடை. அந்த ஊரில் எத்தனையோ துணிகள் அவள் வாசலைத் தாண்டிப் போயிருக்கின்றன. இதை யாரோ மனசு வைத்துச் செய்திருந்தார்கள்.

"என் மக மஸோலுக்குக் கல்யாண அங்கி" என்றார் பின்ஹாஸ். "ஊருக்கெல்லாம் நீலம் முக்குறேன். சொந்த மகளுக்கு ஒண்ணு செஞ்சு முடிக்கிறதுக்குள்ள உசுரு போயிருச்சு. சாயம் ஏறக்கூடாத இடத்துல பாவு நூலைக் கட்டுறவன் ஒரு குளிர்காலம் பூரா வச்சுக்கிட்டான். கேட்டா முதுகு பிடிச்சுக்கிச்சுங்கிறான். அடுத்து செவப்புக்காரன், வெறகு ஈரமா இருக்குங்கிறான். மறுபடி கட்டுப்போட, மறுபடி அதே முதுகு. என்கிட்ட வந்தா என் சாயத் தொட்டியே என்னைக் கோவிச்சுக்கிட்டு ஒரு வாரம் புளிக்கல. தறிக்காரன் பெண்டாட்டிக்குப் பிரசவம், அவ அம்மாவுக்குக் காய்ச்சல். எல்லாத்தையும் பொறுத்தாச்சு. நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக் குடுத்தா வேலை முடிஞ்சது. வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா எங்களுக்கு ஓய்வுநாள், அதுக்குள்ள வேணும் உஸ்தா. எப்பத் தருவீங்க?"

"ஆகட்டும்" என்றார் இக்ரோம்.

"ஆகட்டும்னா எப்ப?"

இக்ரோம் துணியின் முனையை விரல்களுக்கிடையே உருட்டினார். "நல்ல பட்டு" என்றார்.

பின்ஹாஸ் கதவுப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க இருக்கீங்களா? இவர் என்ன மனுஷர்? ஒண்ணு கேட்டா இன்னொண்ணு சொல்றாரு. பெரிய உஸ்தா, தொழில்ல ஆசான், சரி; வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துருமா?" என்றார்.

"இருக்கேன் அண்ணே" என்றாள் சவ்ரி. "அவர் அப்படித்தான். வியாழக்கிழமை முடிஞ்சிரும்."

"முடியும். எப்படி முடியும்? தெருமுனையில நின்னு கேட்டுட்டுத்தான் வர்றேன். ஒத்தக் கொட்டுதான் கேக்குது. என் மக அங்கியில அலை வரலைன்னா, இத்தனை பேரு கைபட்டு வந்தது உங்க வாசல்ல கெட்டுப்போச்சுன்னு ஊரு சொல்லும். நான் சொல்ல மாட்டேன். ஊரு சொல்லும்."

"ரெட்டைக் கொட்டாவே அடிச்சுத் தருவாங்க."

வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தபோதுதான், யாரை நம்பிக் கொடுத்தோம் என்று அவளுக்குத் திக்கென்றது.

முற்றத்தின் அந்தக் கோடியில், சின்னக் குளத்தை ஒட்டிய முசுக்கட்டை மர நிழலில், ஜூரா முலாம்பழம் தின்றுகொண்டிருந்தான். கும்ரி கீற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். இருவருமே எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள்.

"முடியாது மதினி" என்றான், அவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே.

"நான் இன்னும் கேக்கவே இல்ல."

"கேக்கப்போறீங்க. முடியாது."

"ஏப்பா, ஒரு பொண்ணோட கல்யாணத் துணி. உங்க அண்ணன் மேல இருக்கிற கோவத்தை அது மேல காட்டுவியா?"

"பிந்துறேன்னு சொன்னாரே, அதுக்குக்கூட நான் கோவப்படல. ஏதோ சொல்லிட்டாரு, பெரியவரு. ஆனா பதில் சொல்லலாமில்ல? நான் பேசுறேன், சுவத்துக்குப் பேசின மாதிரி துணியைத் தடவிக்கிட்டு இருக்காரு. போன மாசம் சந்தையில பின்னாலயே போயி மூணு தரம் அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டேன். சமாதானம் பேசத்தான் போனேன். ரொட்டிக்காரனெல்லாம் பார்த்துச் சிரிக்கிறான். திரும்பிப் பார்க்காமப் போறாரு. அன்னைக்கே அறுந்துபோச்சு."

"என்னைக்கூட அப்படித்தான்கா" என்றாள் கும்ரி, கத்தியில் ஒட்டிய விதையைத் துடைத்துக்கொண்டே. "காலையில சலாம் சொல்றேன். மதிச்சாத்தானே பதில் வரும்."

"என்னை மட்டும் மதிக்கிறாரா?" என்றாள் சவ்ரி. "பத்து வார்த்தை பேசினா ஒரு வார்த்தைக்கு 'என்னது'ங்கிறாரு. நான் என்ன செய்யணும்ங்கிறே? அவரை வித்துட்டு வேற வாங்கட்டுமா?"

கும்ரி சிரித்துவிட்டாள். ஜூரா சிரிக்கவில்லை. ஒரு கீற்றை எடுத்து மதினியிடம் நீட்டினான். அவள் அதை வாங்காமல் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வரை அவள் இரண்டு பக்கமும் போய்ப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். வியாழக்கிழமை காலையில் பாலைவனத்துப் பக்கமிருந்து அனல்காற்று கிளம்பியது. மினாரில் கூடு கட்டியிருந்த நாரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இன்றைக்குத் தடவினால் ஈரம் நிற்காது, சாயங்காலம் காற்று ஓய்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அவள் சாய்ப்புக்குப் போனாள். அங்கே இக்ரோம் முட்டைகளை உடைத்து, கருவைப் பிரித்து, துணியின் முழுநீளத்துக்கும் வெள்ளையைத் தடவி முடிக்கிற நிலையில் இருந்தார்.

"ஐயோ, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க! காத்து அடிக்குதே, தெரியலையா?"

அவர் தூரிகையைச் சட்டி விளிம்பில் வழித்தார்.

"ஏங்க!"

துணியை மடித்துக் கட்டைமேல் போட்டுவிட்டு, கொட்டாப்புளியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். டொக். டொக். டொக். தனியாக. இப்பக்கம் அடிக்கும்போதே அப்பக்கம் காய்ந்துகொண்டு வந்தது. வெள்ளைக் கரு காய்ந்து துணியில் பொருக்குத் தட்டிவிட்டால் அப்புறம் அடித்து என்ன, அழுது என்ன. பொருக்கோடு சாயமும் சேர்ந்து உரியும்.

சவ்ரி முற்றத்தைப் பார்த்தாள். ஜூரா கைகட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தலைத்துணியை இழுத்து இறுக்கினாள். சுவரோரம் சாய்ந்திருந்த ஜூராவின் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு புருஷனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். பிள்ளை ஒன்றைத் தூக்குகிற கனம் இருந்தது அது.

"எந்திரி. பொம்பளைக்கு இங்க என்ன?" என்றார் இக்ரோம்.

"ஆம்பளைங்க இருந்தா நான் ஏன் வர்றேன்? அடிங்க!"

அடித்தாள். இத்தனை வருஷம் அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு அந்தத் தாளம் அவளுக்குள் ஊறிக் கிடந்தது. கைதான் பழக்கமில்லாதது. முதலில் இடறியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அவர் இறக்க, இவள் ஏற்ற. இவள் இறக்க, அவர் ஏற்ற. தோள்பட்டை எரிந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இருந்தாலும் பரவாயில்லை, ஒரு மடிப்பு தேறிவிடும் என்று நினைத்தாள். இக்ரோம் துணியைப் பார்க்கவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கெடுத்துவிடுவேன் என்று பயம்போல, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்போது ஒரு சுழற்காற்று சாய்ப்புக்குள் புகுந்து, தரையிலிருந்த புழுதியை வாரி இருவர் முகத்திலும் அடித்தது. இக்ரோம் கண்களை இறுக மூடினார். மூடியபடியே கொட்டாப்புளியை இறக்கினார். அது அவள் கொட்டாப்புளி மேலேயே விழுந்தது. மரத்தில் மரம் மோதி, அவள் மணிக்கட்டு சுளீரென்றது.

"நிறுத்துங்க!" என்று அலறினாள்.

அவர் மறுபடி ஓங்கினார். கண் மூடித்தான் இருந்தது.

"ஏங்க, நிறுத்துங்க! என் கை!"

கொட்டாப்புளி இறங்கியது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல்கள் தப்பியது தெய்வச் செயல். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு திறந்து, அவள் வாய் திறந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் கை நின்றது.

"பிந்துறே" என்றார்.

சவ்ரி அவரையே பார்த்தாள். மெதுவாக எழுந்தாள். தூரிகையை எடுக்கப் போகிறவளைப் போல அவர் முதுகுக்குப் பின்னால் போனாள். சாதாரணமாகப் பேசுகிற குரலில், ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, "கும்ரி குளத்துல விழுந்துட்டா" என்றாள்.

இக்ரோம் மடிப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து கும்ரி மாவுக் கையோடு எட்டிப் பார்த்து, "நான் எங்கக்கா விழுந்தேன்? இங்கனதானே இருக்கேன்?" என்றாள்.

அப்போதும் அவர் திரும்பவில்லை.

சவ்ரிக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். எத்தனை வருஷத்துக் கத்தல்! எத்தனை 'என்னது'! திமிர் என்று நினைத்து மனசுக்குள் எத்தனை வசை! போன பனிக்காலத்தில், பின்னால் வந்த கழுதை வண்டிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்தியும் விலகாமல் சேற்றில் விழுந்து எழுந்து வந்து, 'அவன் வாயே திறக்கல' என்று சாதித்தார். வீடே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். காலமெல்லாம் கட்டையில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தவருக்குக் காது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

நேரே ஜூராவிடம் போனாள்.

"உங்க அண்ணனுக்குக் காது கேக்கல."

"நடிக்கிறாரு மதினி."

"வாயை மூடு. இப்பத்தான் என் கைவிரல் நசுங்கப் பார்த்தது. அலறுறேன், கேக்கல. கண்ணை மூடினா தாளம் போயிருது. கண்ணாலதான் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு இத்தனை நாளும். கும்ரி குளத்துல விழுந்தான்னேன். திரும்பிக்கூடப் பார்க்கல."

ஜூராவின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "சந்தையில…" என்றான்.

"சந்தையிலயும்தான்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்று திடீரெனச் சீறினான். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நாலு மாசமா நான் சோறு இறங்காமக் கெடக்கேன்."

"காது போன மெருகுக்காரனுக்கு எவன் துணி குடுப்பான்? அதான் பூட்டி வச்சுக்கிட்டாரு. உன்கிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. இப்ப உக்காந்து நியாயம் பேச நேரமில்ல. துணி காயுது. வர்றியா, இல்ல நானே போயி கை ஒடிஞ்சு சாகட்டுமா?"

ஜூரா போனான். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, கொட்டாப்புளியை எடுத்து, வழக்கத்தைவிட உயரமாக, தலைக்குமேல் தூக்கினான். ஒரு கண நேரம் அதை அங்கேயே நிறுத்திக் காட்டினான்.

இக்ரோம் அந்தக் கொட்டாப்புளியைப் பார்த்தார். பிறகு தம்பி முகத்தைப் பார்த்தார். கழுத்திலிருந்து காதுவரை அவருக்குச் சிவந்து ஏறியது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "புழுதி" என்றார்.

"ஆமா, புழுதிதான்" என்றான் ஜூரா, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி.

கொட்டு விழுந்தது.

காற்றை யார் தடுப்பது? சவ்ரி போர்வை ஒன்றைக் குளத்தில் முக்கி எடுத்தாள். ஒரு முனையை அவளும் மறுமுனையைக் கும்ரியும் பிடித்துக்கொண்டு சாய்ப்பின் திறந்த பக்கத்தை மறைத்து நின்றார்கள். போர்வை காயக் காயக் கும்ரி குடத்துத் தண்ணீரை அதன்மேல் விசிறினாள். அனல் போர்வையில் மோதி ஈரமாக உள்ளே போயிற்று. நீர் இவர்கள் கைவழியே அக்குள்வரை வழிந்தது.

"அக்கா, எம்புட்டு நேரம்?"

"அவங்க முடிக்கிற வரைக்கும்."

"எனக்குத் தோள் கழண்டுரும்."

"கழண்டா கீழே வச்சுட்டுப் பிடி. பேசாம நில்லு."

மடிப்புக்கு மடிப்பு துணி திரும்பியது. கும்ரியின் மாவு அடுப்படியில் காய்ந்து ஓடாயிற்று. இரண்டு முறை இக்ரோம் முந்தினார். இரண்டு முறையும் ஜூரா ஒன்றும் சொல்லாமல் தன் கையைச் சுருக்கி அவரோடு சேர்ந்துகொண்டான். தெருவில் போன தண்ணீர்க்காரன் தோல்பையை இறக்கி வைத்துவிட்டு, "என்ன உஸ்தா, வீட்டில சமாதானமா?" என்று வெளியிலிருந்தே கேட்டான். இக்ரோம் அடித்துக்கொண்டே இருந்தார். "சமாதானம்தான், போ!" என்று ஜூரா இருவருக்குமாகச் சேர்த்துக் கத்தினான்.

வெள்ளிக்கிழமை வெயில் தாழத் தொடங்கியபோது பின்ஹாஸ் வந்தார். துணியை வெளிச்சத்தில் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். மாதுளைகளின் மேல் அலை ஓடியது. அசைத்தால் இலையிலிருந்து இலைக்குத் தாவியது. பிறகு அவர் கண் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன? இங்க ஒரு பட்டை மங்கிக் கெடக்கே?"

இக்ரோம் அவர் விரல் தொட்ட இடத்தைப் பார்த்தார். ஜூராவும் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

"மதினி அடிச்சது" என்றான் ஜூரா.

கதவுக்குப் பின்னால் சவ்ரிக்கு ரத்தம் கொதித்தது. "ஆமா அண்ணே, நான்தான்! ரெண்டு ஆம்பளைங்க இருக்கிற வீட்டில நான்தான் அடிச்சேன். இல்லைன்னா அம்புட்டும் பொருக்காப் போயிருக்கும். எப்படி அடிக்க வேண்டியதாச்சுன்னு அவங்களையே கேளுங்க!"

பின்ஹாஸ் துணியை மடித்துப் பார்த்தார். தோளில் போட்டுப் பார்த்தார். தனக்குள் முனகினார். "சரி, சரி, அக்குளுக்கடியில வர்ற மாதிரி வெட்டச் சொல்றேன். என் பெண்டாட்டி கேட்டா தையல்காரி மேல போட்டுடுவேன். உங்க பேரை எடுக்க மாட்டேன் அம்மா." மூட்டையைக் கட்டிக்கொண்டே, "மத்ததெல்லாம்…" என்றார். மூட்டையைத் தோளோடு அணைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு சேர, வேகவேகமாக நடந்தார்.

ஜூரா தொழுகைக்குக் கிளம்பிப் போனான். போகும்போது அண்ணனின் முன்னால் வந்து நின்று, கையால் பள்ளிவாசல் பக்கம் காட்டினான். இக்ரோம், வருகிறேன் போ, என்று தலையாட்டினார். இத்தனை சுலபமான காரியத்துக்கு நாலு மாசம் ஆகியிருந்தது.

இக்ரோம் குந்தி உட்கார்ந்து கட்டையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சவ்ரி சாய்ப்புக்குள் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். கேட்காது என்ற தைரியத்தில் ஆரம்பித்தாள்.

"நீங்க ஒரு மனுஷனா? கட்டின பெண்டாட்டிகிட்ட சொல்ல முடியாதா? காது போச்சு சவ்ரின்னு ஒரு வார்த்தை. ஊரு என்னை வாயாடிங்குது, பஜாரி மாதிரிக் கத்துறாள்ங்குது. யாருக்காகக் கத்தினேன்? அந்தப் பய சோறு தண்ணியில்லாமக் காஞ்சான். கும்ரி சலாம் சொல்லிச் சொல்லி வெறுத்துப்போனா. ராத்திரியெல்லாம் உங்க பக்கத்துல படுத்துக்கிட்டு நான் பேசினேனே, மனசில கெடந்ததையெல்லாம் கொட்டினேனே, இருட்டில. அது அம்புட்டும் எங்க போச்சு? ஒண்ணுகூட உங்களுக்கு விழலையா? சொல்லித் தொலைங்களேன்…"

இக்ரோம் துடைப்பதை நிறுத்தினார். திரும்பவில்லை. வெயில் அவளுக்குப் பின்னாலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

"உன் நிழல் கையை வீசுது" என்றார். "எதுக்குத் திட்டுறே?"

சவ்ரி தரையைப் பார்த்தாள். அவர் காலடிவரை அவள் நிழல் நீண்டு கிடந்தது. ஓங்கிய கையை இறக்கினாள். நிழலும் இறக்கியது.

கட்டையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். ஜூரா உட்காருகிற இடத்தில், அவர் முகத்துக்கு நேரே, சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தலைத்துணியை ஒதுக்கி வாய் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டாள். அவர் ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் உதடுகளைப் பார்த்தார்.

"நீங்க ஒரு மனுஷனா?" என்று சவ்ரி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.